மோசமானால் நல்லது

எங்கள் பக்கம் கணவனும் மனைவியும் ஒருவர் முன் ஒருவர் துணியில்லாமல் நிற்பது பெரும்பாலும் உண்ணி தேடத்தான். மே மாதம் பிறந்தால் இலை உதிரும்வரை தினமும் சாயங்காலம் குளியலறையில் இந்தச் சடங்கு நடக்கும். வெண்டல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் முழங்காலின் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால் என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பான். அவன் காப்பீட்டுக் கம்பெனியில் புயல் சேதத்தை மதிப்பிடுகிறவன். ஓட்டை விழுந்த கூரையைப் பார்க்கும் அதே முகத்தோடுதான் என் முதுகையும் பார்ப்பான்.

"மச்சம். மச்சம். இது என்ன, புதுசா?"

"போன வருஷமும் இதையேதான் கேட்ட."

"சரி, திரும்பு."

இவ்வளவு பார்த்தும், எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன்னால், கசகசா அளவில் ஒரு குட்டி உண்ணி எங்கள் இருவருக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு என் இடுப்பில் குடித்தனம் நடத்திவிட்டுப் போனது. உண்ணிக் கடியால் வரும் லைம் நோய். லைம் என்பது எங்கள் பக்கத்து ஊரின் பெயர். பள்ளிக்கூட நாட்களில் கூடைப்பந்தில் எங்களை ஒவ்வொரு வருடமும் தோற்கடித்த ஊர். வியாதியிலும் பேரை அவர்களே தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊரிலும்தான் மான் மேய்கிறது, எங்கள் ஊரிலும்தான் உண்ணி கடிக்கிறது. கேட்பார் இல்லை.

மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் போயிற்று. பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் வலி தோளுக்குப் போனது, அங்கிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து பாதத்துக்கு. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அறை அறையாக மாறிக்கொண்டே இருந்தது. நான் அப்போது ஆற்றில் கார்களை அக்கரை சேர்க்கும் சின்னப் படகை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கரை நெருங்கும்போது 'கயிறு' என்ற சொல் மண்டைக்குள் அகப்படவில்லை. "பாம்பைப் பிடி! பாம்பைப் பிடி!" என்று கத்தினேன். ஒரு பெண்மணி காரைத் திறந்துகொண்டு ஆற்றை நோக்கி ஓடப் பார்த்தாள். அதோடு அந்த வேலை முடிந்தது.

டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். லைம் வந்தது உண்மை, போய்விட்டதும் உண்மை என்றார்கள். "போகலையே டாக்டர்" என்று சொன்னால் போதும், கடைக்கு ஷட்டர் இறங்குவது போல அவர்கள் முகம் இறங்கும். அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்கும். சில பெண்கள் குழந்தைக்கு ஏங்குவதைப் போல நான் ஒரு கெட்ட ரிப்போர்ட்டுக்கு ஏங்கினேன். எங்காவது ஒரு வரியில், ஒரே ஒரு எண்ணுக்குப் பக்கத்தில், சிவப்பில் ஒரு குறி. அதை எடுத்துக்கொண்டு போய் வெண்டலின் சாப்பாட்டுத் தட்டில் வைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். குணமாவது அப்புறம். முதலில் அவன் நம்ப வேண்டும்.

ஏனென்றால் அவன் நம்பவில்லை. அப்படிச் சொன்னதும் இல்லை. "அப்படியா" என்பான். அவன் தொழிலில் "அப்படியா" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆலங்கட்டி மழையில் பியானோ உடைந்தது என்று சொல்கிறவர்களிடம் சொல்லும் வார்த்தை அது.

பிறகு மற்ற வழிகள். பூனை நக முள் என்றொரு கொடியின் சாறு. காந்தப் பாய். போன குளிர்காலம் முழுக்க, நியூயார்க்கில் ஒரு டாக்டர் சொன்னபடி, கையில் குழாய் சொருகி தினமும் மருந்து ஏற்றிக்கொண்டேன். நடுவில் ஒரு மாதம் காப்பி. குடிப்பதற்கு அல்ல. எதிர்ப்பக்க வாசல் வழியாக, எனிமாவாக. குளியலறைத் தரையில் நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்க, வெண்டல் கதவுக்கு வெளியே நின்று கேட்டான்:

"பால் வேணுமா, கறுப்பாவே போதுமா?"

அவனைக் கொன்றிருப்பேன். எழுந்திருக்க முடியாத நிலையில் இருந்ததால் பிழைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானங்களில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லைம் நோயாளிகளான எங்கள் கூட்டம் கூடும். மடக்கு நாற்காலிகள், கோதுமை சேர்க்காத பிஸ்கட், எல்லாரும் என்னைப் போலவே நடக்கிறவர்கள். அங்கேதான் கொரினைச் சந்தித்தேன். பல் டாக்டரிடம் உதவியாளராக முப்பது வருடம் வேலை பார்த்து, மூட்டுகள் கைவிட்டதும் வெளியே வந்தவள். அங்கேதான் அந்தச் சொல்லையும் கற்றுக்கொண்டேன். ஹெர்க்ஸ்.

யாரோ ஒரு பழைய ஜெர்மன் டாக்டரின் பெயரின் முன்பாதி அது. மருந்து உள்ளே போய்க் கிருமிகளைக் கொல்லும்போது, செத்த கிருமிகள் விஷத்தைக் கக்கும், அதனால் உடம்பு முன்னைவிட மோசமாகும், ஆகையால் மோசமானால் நல்லது. இதுதான் கணக்கு. டாக்டர்களும் வேறு சில நோய்களில் இதை ஒப்புக்கொள்கிறார்கள், ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும் என்கிறார்கள். எங்கள் கீழ்த்தளத்தில் அது வருடக்கணக்கில் இருக்கும். ஒருத்தி வந்து "படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே முடியல" என்றால் நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பும். "ஹெர்க்ஸ் ஆகுதா? அடி சக்கை!" நல்லபடியாக இருக்கிறேன் என்று யாராவது சொன்னால்தான் ஒரு சங்கடமான மௌனம் வரும். இந்தக் கணக்கில் தோற்கவே முடியாது. சுகமானால் மருந்து வேலை செய்கிறது, மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எனக்கு அது அபத்தம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் வாரம் முழுக்க 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று கேட்டு வந்தவளுக்கு, தன் வலிக்குக் கைதட்டுகிறவர்கள் இருக்கும் ஓர் அறை எப்படிப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் அங்கே நல்ல மாணவி. என் ஹெர்க்ஸுகளுக்கு ஒரு மரியாதை இருந்தது.

இந்த வசந்தத்தில் கொரின் தேனீக்கு மாறினாள், கூடவே நானும். தேனீயின் விஷம் லைம் கிருமியைக் கொல்லும் என்று ஒரு நம்பிக்கை. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் வரிசையாகக் கொட்டவைக்க வேண்டும். அவள் தன் பழைய பல் இடுக்கியால் ஒவ்வொரு தேனீயாக எடுத்து என் முதுகில் வைப்பாள்.

"கொஞ்சம் சுருக்குனு இருக்கும்டி," என்பாள், ஊசி போடப் போகிற அதே குரலில். "வாயை நல்லாத் தெறந்து வெச்சுக்கோ."

"முதுகுக்கு எதுக்குடி வாயைத் தெறக்கணும்?"

"பழக்கதோஷம். மூடிக்கோ."

வெண்டல் என் முதுகைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தான். குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"இப்ப தேனீயா?"

"ஆமா."

"உண்ணி கடிச்சதுக்குத் தேனீயா. அதுவும் சரிவரலன்னா அடுத்தது என்ன, தேளா?"

"எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு."

அவன் டார்ச்சைக் கீழே வைத்தான். பிறகு, "சரி, ஒப்பந்தம். செப்டம்பர் முதல் வாரம், தொழிலாளர் தினம் வரைக்கும் தேனீ. அதுக்குள்ள நல்லாகலன்னா பாஸ்டன்ல அந்த டாக்டரைப் போய்ப் பாக்குற" என்றான்.

பாஸ்டன் டாக்டர் மனநல டாக்டர். வலியோடு வாழக் கற்றுக்கொடுப்பாராம். கெட்டவர் ஒன்றும் இல்லை, கூட்டத்தில் இரண்டு பேர் போய்விட்டு வந்து தூக்கம் பரவாயில்லை என்றார்கள். ஆனால் வெண்டல் சொல்லி நான் அங்கே போவது என்றால், இத்தனை வருடமும் எல்லாம் மண்டைக்குள்தான் இருந்தது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. செப்டம்பருக்குள் தேனீ ஜெயித்தாக வேண்டும்.

ஆகஸ்டில் வலது விலாவுக்குக் கீழே ஒரு புது வலி வந்தது. சாப்பிட்ட பிறகு வந்து, தோள்பட்டைக்குப் பின்னால் ஏறி, போய்விடும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதுவரை வராத இடம். கூட்டத்தில் சொன்னபோது பிஸ்கட் தட்டு நேராக என்னிடம் வந்தது.

"ஈரல்டி அது," என்றாள் கொரின். "விஷமெல்லாம் அங்கதான் போய்ச் சேரும். எனக்கு இப்படி ஒண்ணு வரமாட்டேங்குதே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெண்டல் கடற்கரையிலிருந்து உருக்கிய வெண்ணெய் சொட்டும் சிங்கி இறால் ரொட்டி வாங்கி வந்தான். ஒன்றைத் தின்றேன். அரை மணியில் அந்த வலி வந்தது, இந்தத் தடவை போகவில்லை. விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுத் துணி பிழிவது போல இருந்தது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சல் பார்த்தேன். நல்ல காய்ச்சல் இருந்தது. வெண்டலைக் கூப்பிடவில்லை. கொரினைக் கூப்பிட்டேன்.

"காய்ச்சலுமா? நடுக்கம் இருக்கா?"

"பல்லு கடகடங்குது."

"க்ரெட்சன்! இதுதாண்டி, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம். தண்ணி நிறையக் குடி. யாரும் எதையும் கொடுத்து நிறுத்திடாம பாத்துக்கோ."

அவள் குரலில் இருந்தது அன்புதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பில் ஏதோ ஒரு சின்னப் பகுதி மட்டும், படகு ஓட்டிய பகுதியாக இருக்கலாம், இது ஜெயிப்பது போல இல்லையே என்றது. அதை அதட்டினேன். பிறகு வாந்தி எடுத்தேன், என்ன சத்தம் என்று கதவைத் திறந்து வந்த வெண்டலின் காலணிமேல்.

அவன் காலணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கார் சாவியை எடுத்தான்.

"இது ஹெர்க்ஸ்," என்றேன்.

"அதுக்கு எந்தப் பேர் வேணும்னாலும் வெச்சுக்கோ. காருக்குள்ள ஏறு."

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் 'லைம்' என்ற சொல்லை எடுக்கவில்லை. அனுபவம். வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி என்று மூன்றை மட்டும் சொன்னேன். மூன்றும் மரியாதையான சொற்கள். ஒரு நர்ஸ் வந்தாள், நடுவயது, அகலமான கைகள். அங்கி மாட்டிவிட என்னைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வெண்டலிடம் மிக இனிமையாகச் சொன்னாள்:

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. காப்பி மெஷின் அந்தக் கோடியில இருக்கு."

அவன் போனதும் திரையை இழுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வீட்டுல பயமில்லாம இருக்கீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "உண்ணிக்கு மட்டுந்தான் பயம்" என்றேன்.

"முதுகுல இருக்கறதெல்லாம் யாரு பண்ணது? அவருக்குச் சொல்லமாட்டேன், நீங்க எங்கிட்ட தாராளமா சொல்லலாம்."

அப்போதுதான் புரிந்தது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகச் சிவந்த தடிப்புகள், தையல் போட்ட மாதிரி ஒழுங்காக. வெளியே காப்பி மெஷின் பக்கத்தில் என் கணவன், பெண்டாட்டியைச் சித்திரவதை செய்கிறவனாக நின்றுகொண்டிருந்தான். நான் உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் சும்மா இருந்தேன். ஒரே ஒரு தடவை, அவன் என்ன சொன்னாலும் யாரும் நம்பாத இடத்தில் அவன் நிற்கட்டும் என்று தோன்றியது. அந்த இரண்டு மூச்சும் இனித்தன. என்ன செய்ய, இனித்தன.

"தேனீ," என்றேன்.

"என்ன?"

"தேனீ கொட்டினது. என் சிநேகிதி பிடிச்சு வெச்சா. நான்தான் வெக்கச் சொன்னேன்."

நர்ஸ் மெதுவாகத் தலையாட்டினாள். இவள் கணவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. இந்த உலகத்தில் நான் சொல்வதை நம்பவைப்பது இவ்வளவு கஷ்டம். வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். லைம், வருடங்கள், கொடியின் சாறு, குழாய், கொரினின் இடுக்கி. காப்பியைக்கூடச் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதும்தான் நம்பினாள்.

டாக்டர் வந்தபோது எல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இளைஞர், களைத்த கண்கள். ஷட்டர் முன்பே பாதி இறங்கியிருந்தது.

"தேனீ விஷம் இவ்வளவு ஏறினா காய்ச்சல் வரும், வாந்தியும் வரும்," என்றார். "பதற்றத்துலயும் வலி கூடும். வாந்திக்கு ஒரு மாத்திரை தரேன். வீட்டுக்குப் போய் நல்லா ஓய்வெடுங்க. தேனீயை நிறுத்துங்க."

சொல்ல வேண்டியவை எல்லாம் வருடக்கணக்கில் சொல்லித் தீர்ந்துவிட்டன. செருப்பைத் தேடக் காலை நீட்டினேன். வெண்டல் காகிதக் கோப்பையோடு திரைக்குள் வந்து நின்றான்.

"படம் எடுத்தீங்களா?" என்றான்.

"அவசியம் இருக்கறதா தெரியல சார். அவங்க பழைய கதையைப் பார்த்தா..."

"டாக்டர், நான் பதினேழு வயசுலேருந்து இவளைப் பாக்குறேன். இவ தேனீயை நம்புவா, காந்தத்தை நம்புவா, அமாவாசைக்கு விதை போட்டா நல்லா முளைக்கும்பா. அதுல எல்லாம் இவ பைத்தியம். ஒத்துக்குறேன்." கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கால்மாட்டில் வைத்தான். "ஆனா வலின்னு சொன்னா வலிதான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. குறைச்சுச் சொல்லித்தான் பாத்திருக்கேன். பொய்யைக் கண்டுபிடிக்கிறதுதான் என் பொழைப்பு, சார். இவ சொல்றது பொய் இல்லை. படம் எடுக்காம நாங்க போகமாட்டோம்."

நான் அவனையே பார்த்தேன். வலி ஒரு நிமிடம் வழிவிட்டு ஒதுங்கி நின்றது போல இருந்தது.

டாக்டர் என் விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி இழுப்பதற்குள் கத்திவிட்டேன். அவர் முகம் மாறியது. ஷட்டர் சரசரவென்று மேலே போனது.

ஸ்கேன் அறையில் அந்தப் பெண் ஜெல்லைத் தடவித் தேய்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் கையை நிறுத்தினாள். "நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றாள். ஆனால் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிவைத்தாள். பித்தப்பை. உள்ளே கற்கள், வெள்ளையாக, பளிச்சென்று, யாரும் மறுக்க முடியாதபடி. நான் அழுதேன். பாவம், அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது சந்தோஷத்தில் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? எட்டு ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் உடம்பு ஒரு சாட்சி சொல்லியிருந்தது. தப்பான வழக்குக்குத்தான். பரவாயில்லை.

பித்தப்பை அழுகத் தொடங்கியிருந்தது, அன்றிரவே வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் ஹெர்க்ஸ் என்று கொண்டாடியிருந்தால் கூட்டத்தில் என் நாற்காலி காலியாகியிருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் அம்மாள் சொன்னார். அப்படியே சொல்லவில்லை, அதுதான் பொருள். போன குளிர்காலத்தில் குழாய் வழியாக ஏற்றிய மருந்தின் பேரைக் கேட்டார். சொன்னேன்.

"அது சில பேருக்குப் பித்தப்பையில கல்லு சேக்கும். இது அதனாலதான்னு சத்தியம் பண்ண முடியாது. இருக்கலாம்."

ஆக, கண்ணுக்குத் தெரியாத வியாதிக்குச் செய்துகொண்ட வைத்தியம் எனக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரு வியாதியைச் செய்து கொடுத்திருக்கிறது. நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியாமல் மயக்கம் தெளிகிற வாயால் சிரித்தேன். சிரிப்பு வேண்டாம் என்றது தையல்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வெண்டல் எனக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்தான். ஓட்டை உரிக்கத் தெரியாமல் பாதி வெள்ளைக்கருவோடு உரித்திருந்தான்.

"அங்க சொன்னியே," என்றேன். "எப்பலேருந்து நம்புற?"

"எதை?"

"வலிக்குதுன்னு."

அவன் முட்டை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். "எப்பவும்தான்."

"அப்புறம் ஏண்டா ஒரு தடவைகூடச் சொல்லல?" எனக்குக் கோபம் வந்தது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது நல்ல சூடான கோபம். "இத்தனை வருஷம் 'அப்படியா, அப்படியா'ன்னு! நான் தேனீகிட்டப் போய் நம்பச் சொல்லி நின்னேனே!"

"சொன்னா அடுத்தது என்னன்னு கேப்ப. எங்கிட்ட அடுத்தது ஒண்ணும் இல்லை." ஓட்டைத் தட்டின் ஓரத்தில் குவித்தான். "பொய்யின்னா நான் ஏதாவது பண்ணலாம். அது எனக்குத் தெரிஞ்ச வேலை. நிஜம்னா சும்மா உக்காந்து பாக்கணும்."

முட்டையைத் தின்றேன். உப்பு இல்லை.

சனிக்கிழமை கொரின் எலும்பு சூப்போடு வந்தாள். வெண்டல் கதவைத் திறந்து, ஒரு முழு நிமிடம் வழிவிடாமல் நின்றுவிட்டுத்தான் உள்ளே விட்டான். கட்டிலருகே உட்கார்ந்த அவள் கண்கள் சிவந்திருந்தன.

"என்னாலதாண்டி. தண்ணி குடின்னு சொன்னேனே பாவி."

"நீ சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் கேட்டேன்."

"ஆனா ஒண்ணு," என்று மூக்கைச் சிந்தினாள். "கெட்டுப்போன பையைக் காட்டிக்கொடுத்தது தேனீதானே? அதுவும் ஒரு வகையில..."

"கொரின்," என்றான் வெண்டல்.

"சரி, சரி. வாயை மூடிக்கிறேன்."

"தேனீ வேண்டாம்டி," என்றேன். "பாஸ்டனுக்கும் போகல. போனாலும் எனக்குத் தோணினாத்தான் போவேன், ஒப்பந்தத்துக்காக இல்லை." வெண்டல் தோளைக் குலுக்கினான். எதிர்க்கவில்லை.

சூப்பை நீட்டினாள். கோப்பையை வாங்கக் கையை நீட்டினேன், மணிக்கட்டு மறுத்துவிட்டது. பழைய குடித்தனக்காரன். பித்தப்பையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவன், அறுவையைப் பற்றிக் கேள்வியே படாதவன் போலத் தன் அறைக்குத் திரும்பி வந்திருந்தான்.

"வலிக்குது," என்றேன்.

கொரின் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது எனக்குத் தெரிந்தது. விழுங்கிக்கொண்டாள். எங்கே என்று வெண்டல் கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை, "அப்படியா" என்று சொல்லவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, கோப்பையை அவன் பிடித்துக்கொண்டான். நான் குடித்தேன். சூடு அதிகம். அதையும் சொன்னேன். ஊதினான்.